வாழைக்குப் போட்ட மூன்று முடிச்சு

பயம் வந்தால் மற்றவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். எனக்குக் கை இறுகும். அந்த நேரத்தில் கையில் எது அகப்பட்டாலும் அதை நெரித்துவிடுவேன். ஒருமுறை பல் பிடுங்கிக்கொள்ளப் போய், பல்லை டாக்டரிடம் விட்டுவிட்டு அவருடைய நாற்காலியின் கைப்பிடியோடு எழுந்து வந்தவன் நான். இப்படிப்பட்ட கைகளை நம்பித்தான் எங்கள் முதலாளி ஒரு மோட்டார் சைக்கிளை ஒப்படைத்தார்.

முதலாளிக்குச் சேலத்தில் மிளகு மண்டி. ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன வண்டியை ஆசையாக வாங்கிவிட்டார். ஒரே ஒரு தடவை ஏறி உட்கார்ந்தார். அது உறுமியது. இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "வெளியூர் வேலை உனக்குத்தானப்பா, நீயே வச்சுக்க" என்றார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. முடியாது என்று சொல்லவும் பயம், ஏறவும் பயம். ஏறுவது கொஞ்சம் கௌரவமான பயமாகத் தெரிந்ததால் ஏறிவிட்டேன்.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறை சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாகக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போக வேண்டும். முப்பது மைலுக்குக் குறையாது. அங்கே ஒரு காப்பிக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நடந்தே கொல்லிமலை ஏறி, மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் கொடிகளில் மிளகு எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்து வர வேண்டும். மலை ஏறுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கால் என் சொல்பேச்சுக் கேட்கும். கைதான் தகராறு.

அந்த வண்டிக்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங் கிடையாது. முன்னால் ஏதோ இருந்தது. அது துரை ஓட்டிய காலத்து நினைவில் மட்டும் வேலை செய்தது. ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் சக்கரம் வழியாகக் கைப்பிடிக்கு வந்து, அங்கிருந்து என் மணிக்கட்டில் ஏறி, தோளில் உட்கார்ந்துகொள்ளும். கல் வரும்போதெல்லாம் நான் பிடியை இறுக்குவேன். கல் இல்லாதபோது, அடுத்த கல் வருமே என்று இறுக்குவேன். நாலு மைலுக்கு ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டிக் கையை உதறாவிட்டால் விரல் எனக்குச் சொந்தமில்லை.

முதலில் வெறும் வலிதான். பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. ராசிபுரத்தில் காப்பித் தம்ளரை வாங்கினேன், வாங்கியதாகத்தான் நினைத்தேன். அது என் காலில் இருந்தது. மலை ஏறும் முன் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், திறந்த மார்போடு வீரனைப் போல ஏறினேன். நல்லெண்ணெய் தேய்த்தேன். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். பழைய வேட்டியைக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றினேன். அதனால் ஒரு லாபம் உண்டு: நெரிப்பதற்கு இன்னும் பெரிதாக ஒன்று கிடைத்தது.

அப்புறம்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இது வாதம். விரலில் ஆரம்பித்திருக்கிறது, வாய்க்குப் போகும். அன்று முதல் ஒவ்வொரு மைல் கல்லிலும் என் பெயரை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன், நாக்கு குழறுகிறதா என்று. ராசிபுரம் ரோட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் என் பெயர் மனப்பாடம்.

இந்த நிலைமையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஆத்தூர்ப் பக்கம். தை மாதம் முகூர்த்தம். எல்லா மாப்பிள்ளைகளும் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டு தூக்கம் கெடுவார்கள். நான் மூன்று முடிச்சை நினைத்துக்கொண்டு கெட்டேன். சில வீடுகளில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் போதும், மற்ற இரண்டையும் அவன் அக்காளோ தங்கையோ போட்டுவிடுவாள். எனக்கு அக்காளும் இல்லை, தங்கையும் இல்லை. மூன்றையும் நானேதான் போட வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கெட்டி மேளம் கொட்டிக்கொண்டிருக்க, தாலி என் விரலிலிருந்து நழுவி அவள் மடியில் விழுவதை எத்தனையோ தடவை மனத்துக்குள் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவளுடைய அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நிறுத்துங்க."

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைசியாக ஒருமுறை மலைக்குப் போக வேண்டியிருந்தது. நான் வழக்கமாகத் தங்கும் வீடு குண்டூர் நாட்டில் ஒரு மிளகுக்காரருடையது. என் வயதுதான் அவருக்கும். அவர், அவர் மனைவி, அவருடைய தங்கை, மூன்று பேர். மிளகுக் கொடிகளுக்கு நடுவே நிறைய மலைவாழை. என் கல்யாணப் பந்திக்குப் பழமும் பந்தலுக்கு மரமும் அவரிடமே சொல்லியிருந்தேன். மறுநாள் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு அவற்றை ஆள் வைத்து இறக்குவதாகவும், பெண்ணின் பெரியப்பா ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்வதாகவும் ஏற்பாடு.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் போனேன். சட்டைப் பையில் மஞ்சள் தடவிய கயிறு ஒன்று ஒரு வாரமாக இருந்தது, ஒத்திகைக்கு. சேலத்தில் தூணில் கட்டிப் பார்த்திருக்கிறேன். தூண் மனிதக் கழுத்து மாதிரி இல்லை. இங்கே ஓர் இளவாழை, மெலிசாக, தலையைக் கொஞ்சம் குனிந்து, அச்சு அசலாகக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கயிற்றைச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டேன். இரண்டாவதில் கயிறு நழுவியது. மறுபடி. மூன்றாவதில் நழுவியது. கும்பிட்டுவிட்டு மறுபடி. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு எப்படியோ மூன்றும் விழுந்தன. அவிழ்க்கலாம் என்று பார்த்தால் விரலுக்குத் தெம்பில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டுத் திரும்பினேன்.

சுவரோரம் மிளகுக்காரரின் மனைவியும் அவருடைய தங்கையும் உலக்கையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். என்னைக் கண்டால் சிரிக்காமல் இருந்ததே இல்லை அவர்கள். அன்று சோற்றுக்கு நெய் கூட ஊற்றினார்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் நான் எழுந்திருக்கும்போது மிளகுக்காரர் விடியுமுன்பே வாழைத்தார்களோடு மலை இறங்கிவிட்டிருந்தார். வாசலில் அந்த அம்மாவும் நாத்தனாரும் ஒரே உரலில் மாறி மாறிச் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூழ் வந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். அப்படியும் பாதி சட்டை குடித்தது.

"ஏனுங்க, கைக்கு என்னங்க ஆச்சு?" என்றார் அந்த அம்மா.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வண்டி, விரல், வாதம், வாய் கோணப்போவது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உலக்கையை என்னிடம் நீட்டினார்.

"பத்துக் குத்துக் குத்துங்க பாக்கலாம்."

குத்தினேன். ஆறாவது குத்தில் தோள் வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணி, இவரு உலக்கையக் குத்தலீங்க. உலக்கைதான் இவரக் குத்துது."

"சிரிக்காத புள்ளே. ஏஞ் சாமி, அத எதுக்கு இந்த நெரி நெரிக்கறீங்க? திருடிட்டா போயிரும்?" என்று அந்த அம்மா உலக்கையை வாங்கினார். "பாருங்க. தூக்கறப்பத்தான் புடிக்கோணும். எறங்கறப்ப விட்டுப்போடோணும். அது தானா உளுகும். உளுந்து அதுறதெல்லாம் அதோட போயிரும், நம்ம கைக்கு வராது. மறுக்காப் புடிச்சாப் போதும்."

கவனித்துப் பார்த்தேன். இத்தனை நாள் இந்த வாசலில் உட்கார்ந்து பார்த்தும் கண்ணில் படாத விஷயம். உலக்கை விழும் அந்த ஒரு கணத்தில் அவர் விரல்கள் விரிந்திருந்தன. உலக்கை உள்ளங்கைக்குள் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. முழங்கை மடிந்து தொளதொளவென்று இருந்தது. மணிக்கட்டு எந்தப் பக்கமும் வளையவில்லை. ஒரு குத்துக்கு வலக்கை, மறு குத்துக்கு இடக்கை. காலையிலிருந்து குத்துகிறவர் நெற்றியில் வேர்வை இருந்தது; கையில் ஒரு காய்ப்பு இல்லை.

"மோட்டாருல விட்டுட்டா விளுந்துருவேனேங்க."

"முச்சூடும் விடச் சொன்னனா? கோழிக்குஞ்சப் புடிக்கற மாதிரிப் புடிங்க. உங்களுக்குக் கையில நோவில்லீங்க. பயந்தான்."

மறுபடி உலக்கையை வாங்கி முயன்று பார்த்தேன். இருபது குத்துக் குத்தியும் தோள் சும்மா இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த உலக்கைக்கே தாலி கட்டியிருப்பேன். வாதம் இல்லை. வாய் கோணாது. முகூர்த்தத்தில் தாலி விழாது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்த அம்மாவின் முகம் இளகியது.

"இந்த மூணாவதாச்சும் நீடிச்சு நல்லா இருக்கோணும் சாமி" என்றார்.

"எந்த மூணாவது?"

"உங்க சம்சாரந்தானுங்க, வாழைய விட்டுட்டு எண்ணுனா."

நாத்தனார் விளக்கினார். மூன்றாம் கல்யாணம் ஆகாது என்று கீழ்நாட்டில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு மனைவிகளை இழந்தவன் மறுபடி கட்டுவதென்றால், முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி அதையே மூன்றாவதாக்கிவிட்டு, பெண்ணை நாலாவதாகக் கட்டிக்கொள்வான். அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீழேயிருந்து வந்து அதற்கென்றே கன்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அப்படியிருக்க, ஒருவன் யாருக்கும் தெரியாமல் வாழைத் தோட்டத்துக்குள் போய், மஞ்சள் கயிறு கட்டி, மூன்று முடிச்சுப் போட்டு, இடையில் கும்பிடு வேறு போட்டால் என்ன நினைப்பார்கள்?

"ஐயோ, எனக்கு இதுதானுங்க முதல் கல்யாணம். கை வருதான்னு கட்டிப் பாத்தேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் உரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார். அந்த அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"நேத்தே எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. அவரு இந்நேரம் சந்தையில பொண்ணோட பெரியப்பாவப் பாத்திருப்பாரே."

அதற்குப் பிறகு நான் மலை இறங்கியதை இறங்கியது என்று சொல்லக்கூடாது. உருண்டது என்பதுதான் சரி. அடிவாரம் வந்து காப்பிக் கடைக்காரரைப் பிடித்தேன். பெரியப்பா பழத்தையும் மரத்தையும் பஸ் தலையில் ஏற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் முன்னால் போய்விட்டார் என்றார்.

"முகம் எப்படி இருந்துச்சுங்க?"

"முகமாட்டத்தானுங்க இருந்துச்சு."

சந்தைக்குள் மிளகுக்காரரைத் தேடி, என்ன சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பயந்தவனுக்குக் கேட்கத் தோன்றாது. ஓடத்தான் தோன்றும். வண்டியை உதைத்துக் கிளப்பினேன். பெரியப்பா வீடு சேருமுன் நான் சேர வேண்டும். நாற்பது மைல். நாலு மைலுக்கு ஒருமுறை கை உதற நின்றால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. கல்யாணமும் இல்லை.

முதல் மைலில் பழையபடி நெரித்தேன். விரல் ஜிலுஜிலுத்தது. அந்த அம்மாவின் குரல் கேட்டது: திருடிட்டா போயிரும்? முழங்கையை மடித்துத் தளர்த்தினேன். முன்னால் குனிந்து கைமேல் பாரத்தைப் போட்டிருந்ததை விட்டு, இடுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மணிக்கட்டை நேராக வைத்தேன். மேடு ஏற மட்டும் பிடி, இறங்கும்போது விடு. பள்ளம் வந்தால் கால்மிதியில் கொஞ்சம் எழுந்துகொண்டேன். அதிர்வு என்னைத் தேடிப் பார்த்துவிட்டுக் காலோடு போய்விட்டது. நேர் ரோட்டில் இடக்கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டேன். என்ன ஆச்சரியம் என்றால், நான் விட்டதும் வண்டியும் ஆடுவதை விட்டது. இத்தனை மாதமாக அதை ஆட்டியது ரோடு இல்லை, நான்தான். சில இடங்களில் வாய்விட்டுப் பாடினேன். ஆடு மேய்க்கிறவர்கள், இன்று பெயர் சொல்லவில்லையே என்று பார்த்திருப்பார்கள்.

நாமகிரிப்பேட்டையில் பஸ் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் கோபமாக இருப்பதாக எனக்குப் பட்டது. நிற்காமல் தாண்டினேன்.

பெண் வீட்டு முற்றத்தில் கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். புழுதியில் குளித்து வந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்ததும் உலக்கைகள் நின்றன. மாமனார் எழுந்து வந்தார். அத்தை செம்பில் தண்ணீரோடு வந்தார். தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

"அத்தை, எனக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு கல்யாணம் ஆகலீங்க."

அத்தை நீட்டிய செம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆச்சுன்னு யாருங்க சொன்னது?" என்றார் அத்தை.

"எத்தனை ஆச்சு, அதச் சொல்லுங்க" என்றார் மாமனார்.

வாழை, முடிச்சு, விரல், மலைக்காரம்மா சொல்லிக் கொடுத்த உலக்கை எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. அதற்குள் பெரியப்பா பழத்தாரோடு வந்து சேர்ந்தார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மலைக்காரர் என்ன சொன்னார்?

"ஒண்ணும் சொல்லலியே. ஒரு தாரு சேத்துக் குடுத்தாரு. பொண்ணுக்குக் குடுங்க, பாவம்னாரு. எதுக்குப் பாவம்னு பஸ்ஸுல யோசிச்சேன். தூக்கம் வந்துருச்சு."

ஆக, அந்த மனிதர் நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டாம் என்று வாயைத் திறக்கவே இல்லை. என் இரண்டு மனைவிகளின் கதையை நாற்பது மைல் சுமந்து வந்து இந்த முற்றத்தில் இறக்கியவன் நானேதான்.

மாமனார் ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். "கை மரத்துப் போகுதுங்கறீங்க. நாப்பது மைல் ஓட்டியிருக்கீங்க. இந்தப் பந்தக்கால்ல மூணு முடிச்சுப் போடுங்க, பாக்கலாம்."

ஆர்வக் கோளாறில் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. பொற்கொல்லர் வேலை மாதிரி இருந்தது. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன்.

"கை நல்லாத்தான இருக்குது" என்றார் மாமனார். "அப்ப வாழைக்கு எதுக்குக் கட்டுனீங்க?"

என் வாழ்க்கையில் நன்றாகச் செய்த ஒரே காரியம் என்னைத் தூக்கில் போட வந்தது. வேறு வழியில்லாமல், இடித்துக்கொண்டிருந்தவரிடம் உலக்கையை வாங்கினேன். பயத்தில் முதலில் நெரித்தேன். பிறகு விட்டேன். தூக்கும்போது பிடி, விழும்போது விரல் விரி. வலது, இடது, வலது. மஞ்சள் தூள் முகமெல்லாம் அப்பியது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் குரலை முதன்முதலில் கேட்டது அப்போதுதான்.

"அப்பா, அவரு சொல்றது நெசந்தானுங்க. ஆம்பளைக யாருக்கும் உலக்கைய விடத் தெரியாது. அந்த மலைக்காரம்மா சொல்லிக் குடுக்காம இது வராது."

நான் உலக்கையை நிறுத்திக் கதவைப் பார்த்தேன். பிறகு அதே குரல்: "நின்னுட்டாரே. அந்த உரல்ல மிச்சத்தையும் இடிக்கச் சொல்லுங்க."

மாமனார் முதலில் மீசைக்குள் சிரித்தார். அப்புறம் அது மீசைக்குள் கொள்ளவில்லை. பெரியப்பா மட்டும் என்ன நடந்தது என்று யாராவது முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் கல்யாணத்துக்கான மஞ்சளில் பாதியை நானே இடித்தேன்.

முகூர்த்தத்தன்று மலையிலிருந்து மூன்று பேரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாலியை எடுத்தபோது என் கை வழக்கப்படி இறுகப் பார்த்தது. எதிரே அந்த அம்மா மடியில் இருந்த தன் விரல்களை மெல்ல விரித்துக் காட்டினார். மூன்று முடிச்சும் விழுந்தன. குனிந்த தலை நிமிராமல் பெண் கேட்டாள், எனக்கு மட்டும் கேட்கும்படி: "மூத்தவ சௌக்கியமா?"

மறு வருஷம் மிளகுக்காரர் ஒரு வாழைத்தாரை ஆள் மூலம் சேலத்துக்கு அனுப்பிவைத்தார். மரத்தை வெட்டும்போது கழற்றிய மஞ்சள் கயிற்றைத் தாரின் காம்பில் மாட்டியிருந்தார். என் மனைவி பழத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கயிற்றை எடுத்து, முடிச்சுகளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மூன்றும் தொளதொளவென்று, எந்த நேரமும் அவிழ்ந்துவிடத் தயாராக இருந்தன.

"இந்தக் கட்டுக்கு அவ எப்பவோ ஓடிப் போயிருக்கலாம்" என்றாள். "பாவம், வேரு இருந்துச்சு."

பிறகு ஒரு சீப்பைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள். "கெட்டியாப் புடிக்காதீங்க, நசுங்கிரும்."